லிம்ஃபோமா நோயாளியின் ரத்த அறிக்கையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. கழுத்தில் நெறி கட்டி, மூன்று மாதமாகியும் கரையவில்லை. முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் 'கிரானுலோமா' என்று வந்ததால் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கும் குறையாததால் கட்டியை முழுதாக எடுத்துச் சோதித்தார்கள். நெறிக்கட்டிகளில் வரும் புற்றுநோயான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, அதில் மிக்ஸ்டு செல்லுலாரிட்டி வகை, மூன்றாம் நிலை என்றார்கள். ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கீமோ இரண்டு சுற்று முடிந்துவிட்டது. அடுத்து, மிச்சமுள்ள நோய் ஒளிர்ந்து தெரியும் பெட் ஸ்கேன். ரத்தத்தின் வெள்ளையணு வகைகளில் லிம்ஃபோசைட் குறைந்தாலும், நியூட்ரோஃபிலுக்கும் லிம்ஃபோசைட்டுக்கும் உள்ள விகிதம் கூடினாலும் நோயின் போக்கு மோசம் என்று படித்தேன். தம்பிக்கு அந்த விகிதம் 6 ஆக இருந்தது, இப்போது 17. லிம்ஃபோசைட் 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்துவிட்டது. கட்டிக்குள் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணு அதிகமிருந்தால் ஆபத்து என்றும் படித்தேன். அவனுடைய பயாப்ஸி அறிக்கையில் அந்தச் சோதனையே இல்லை. வேறு லேபுக்கு அனுப்பிப் பார்க்கட்டுமா? லிம்ஃபோசைட் ஏறட்டும் என்று அம்மா சீந்தில் கஷாயம் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். கொடுக்கலாமா? எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை.
— ஒரு அக்கா, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு ரத்த அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் அந்த 17ஐப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். அது நோய் காட்டிய எண் அல்ல, ஊசி காட்டிய எண்.

கீமோ தொடங்கும் முன் எடுத்த முதல் அறிக்கையில் மொத்த வெள்ளையணு 11,200. அதில் நியூட்ரோஃபில் 76 சதவீதம், லிம்ஃபோசைட் 12 சதவீதம். 11,200இல் 12 சதவீதம் என்றால் 1,344 லிம்ஃபோசைட். இரண்டாவது அறிக்கையில் மொத்தம் 24,600, நியூட்ரோஃபில் 86, லிம்ஃபோசைட் 5 சதவீதம். 24,600இல் 5 சதவீதம் என்றால் 1,230. பாருங்கள், 1,344 இருந்த இடத்தில் 1,230 இருக்கிறது. லிம்ஃபோசைட் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கிறது. எகிறியது நியூட்ரோஃபில்தான்: சுமார் 8,500 இருந்தது 21,000ஐத் தாண்டிவிட்டது. அது பெருத்ததால் லிம்ஃபோசைட்டின் சதவீதம் சுருங்கித் தெரிகிறது, விகிதமும் தாவிவிட்டது.

நியூட்ரோஃபில் ஏன் எகிறியது? டிஸ்சார்ஜ் சீட்டிலேயே விடை இருக்கிறது. காய்ச்சல் வந்து அணு குறைந்தபோது மூன்று நாள் ஃபில்கிராஸ்டிம் போட்டிருக்கிறார்கள். வெள்ளையணுவை ஏற்றுவதற்காகவே உள்ள ஊசி அது. மூன்றாவது ஊசிக்கு மறுநாள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இதே போலத்தான் நியூட்ரோஃபில் ஏறி லிம்ஃபோசைட் இறங்கும். ஆர்-சாப் சிகிச்சை பெறுகிற மற்ற வகை லிம்ஃபோமா நோயாளிகளின் குடும்பங்கள் இதைப் பார்த்துப் பதறுவது எனக்குப் பழகிப்போன காட்சி. அந்தச் சிகிச்சையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள் உண்டு.

நீங்கள் படித்த ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் அவை பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ரத்தத்தை வைத்துச் செய்யப்பட்டவை. நடுவில் எடுத்த ரத்தத்தை அந்த அளவுகோலில் வைக்கக் கூடாது. சரி, முதல் அறிக்கையை வைத்துப் பார்த்தால்? அதற்கு 1998இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது, முற்றிய ஹாட்ஜ்கினுக்கு இன்றும் பயன்படுவது. ஜெர்மனியின் ஹாசன்கிளெவரும் டீலும் 25 மையங்களில் சிகிச்சை பெற்ற 5,141 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஏழு அம்சங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆணாக இருப்பது, வயது 45 அல்லது அதற்கு மேல், நான்காம் நிலை, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 4க்குக் கீழ், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், வெள்ளையணு 15,000 அல்லது அதற்கு மேல், கடைசியாக லிம்ஃபோசைட் 600க்குக் கீழ் அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ். உங்கள் தம்பிக்குக் கீமோவுக்கு முன் 1,344, 12 சதவீதம். இரண்டு வகையிலும் தப்பித்துவிட்டார். அவருக்குப் பொருந்துவது ஆணாக இருப்பது, ஹீமோகுளோபின் 10.1, ஆல்புமின் 3.4 ஆகிய மூன்றுதான்.

மூன்று மதிப்பெண் என்றால் அந்த ஆய்வில் ஐந்து வருடம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 60 பேர். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, எப்படியும் நீங்கள் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் அந்த நோயாளிகள் 1992க்கு முன் சிகிச்சை பெற்றவர்கள். நோய் திரும்பினால் கொடுக்க அன்று கையில் இருந்த மருந்துகளும் வேறு. பிற்காலத்தில் அதே மதிப்பெண்ணைப் புதிய நோயாளிகளிடம் சோதித்தபோது நல்ல மதிப்பெண்ணுக்கும் மோசமான மதிப்பெண்ணுக்கும் இடையிலான இடைவெளி வெகுவாகக் குறுகியிருந்தது. விகிதங்களின் கதை இன்னும் சிக்கல். லிம்ஃபோசைட்டுக்கும் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளையணுவுக்கும் உள்ள விகிதத்துக்கு ஒரு ஆய்வு 1ஐ ஒட்டிக் கோடு போடும், இன்னொன்று 2ஐ ஒட்டி, வேறொன்று 3ஐ ஒட்டி. ஆபத்தில்லாதவர், ஆபத்தானவர் என்று ஒரே மனிதரை இரண்டு பக்கமும் தள்ளுகிற அளவுகோலை வைத்து ஒரு குடும்பம் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியென்றால் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் லிம்ஃபோமாவுக்கும் உள்ள தொடர்பு வெறும் ஏட்டுக் கணக்கா என்றால், இல்லவே இல்லை. ஹாட்ஜ்கினில் அதுதான் நோயின் மையமே.

உங்கள் தம்பியின் கழுத்தில் இருந்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது புற்றணு அல்ல. லிம்ஃபோசைட்டுகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். நடுநடுவே ஆரஞ்சுச் சிவப்புத் துகள்களோடு இயோசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள், வெளுத்த உடலோடு மேக்ரோஃபேஜ்கள். லென்ஸை நகர்த்தி நகர்த்தித் தேடினால் ஓரிடத்தில் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிய ஓர் அணு தெரியும். இரண்டு உட்கரு, ஒவ்வொன்றிலும் கருஞ்சிவப்பாக ஒரு பெரிய புள்ளி. ஆந்தைக் கண் என்று எங்கள் துறையில் சொல்வது இதைத்தான். வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இலும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரத்தி ரீட் என்ற பெண் மருத்துவர் 1902இலும் விவரித்ததால் அதற்கு ரீட்–ஸ்டெர்ன்பெர்க் அணு என்று பெயர். அதுதான் புற்று. பெரும்பாலான கட்டிகளில் அதன் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மீதி முழுவதும் உடலின் சொந்தக் காவல் அணுக்கள்.

காசநோய் என்று முதலில் நினைத்ததற்கும் இதுவே காரணம். கிரானுலோமா என்பது மேக்ரோஃபேஜ்கள் ஒன்றுகூடி உண்டாக்கும் முடிச்சு. காசநோயில் வரும், ஹாட்ஜ்கின் கட்டியிலும் வரும். மெல்லிய ஊசியில் வருகிற கொஞ்ச அணுக்களில் அந்த ஒரு சதவீதம் மாட்டாமலே போகலாம். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் மருத்துவர் முதலில் அதை நினைப்பதும் இயல்பு. (படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: காசநோய் மருந்துக்குக் கட்டி மசியவில்லை என்றால் தாமதிக்காமல் கட்டியை முழுதாக எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.) போன மாதங்களை நினைத்து உங்களையோ வேறு யாரையோ குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இப்போது தொடங்கிய சிகிச்சை மூன்றாம் நிலைக்கு உரிய சிகிச்சைதான்.

இத்தனை காவல் அணுக்கள் சுற்றி நின்றும் அந்த ஒரு சதவீதத்தை ஏன் கொல்லவில்லை? ரீட்–ஸ்டெர்ன்பெர்க் அணு அவற்றைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி செல்களை இழுக்க ஒரு வேதிப்பொருள், இயோசினோஃபிலை இழுக்க ஒன்று, மேக்ரோஃபேஜை இழுக்க ஒன்று என்று சுரக்கிறது. வந்த அணுக்கள் அதற்கு வளர்ச்சிக்கான சைகைகளைக் கொடுக்கின்றன. தாக்க வரும் டி செல்லின் மேல் பி.டி.-1 என்ற ஒரு பொத்தான் உண்டு. புற்றணு தன் மேல் பி.டி.-எல்1 என்ற புரதத்தை அடர்த்தியாக வளர்த்து அந்தப் பொத்தானை அழுத்திவிடுகிறது. டி செல் பக்கத்திலேயே நிற்கும், ஆனால் தாக்காது. சுற்றியுள்ள மேக்ரோஃபேஜ்களிலும் அதே பி.டி.-எல்1 நிறைய இருக்கிறது.

இதனால்தான் மேக்ரோஃபேஜ் கணக்கில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்வம் வந்தது. 2010இல் கனடாவின் ஸ்டைடல் குழு 130 நோயாளிகளின் கட்டிகளில் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து, மோசமாகப் போனவர்களிடம் மேக்ரோஃபேஜின் தடம் அதிகம் என்று கண்டது. பிறகு வேறு 166 பேரின் கட்டிகளை சி.டி.68 என்ற சாயத்தால் சோதித்து அதையே உறுதிசெய்தது. அந்த அணுக்கள் கூடாமல் இருந்த ஆரம்ப நிலை நோயாளிகளில் ஒருவர்கூட ஹாட்ஜ்கினால் இறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து படித்த ஆய்வு அது.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் படித்த கட்டுரை சொல்லியிருக்காது. சில ஆய்வுகள் அதை ஆமோதித்தன, சில ஆமோதிக்கவில்லை. சி.டி.68க்கே ஒன்றுக்கு மேற்பட்ட சாயங்கள் உண்டு, ஒன்று பிடிப்பதை மற்றது பிடிக்காது. ஐந்து சதவீதமா, இருபத்தைந்தா, எங்கே கோடு போடுவது என்பதிலும், ஒருவர் எண்ணுவதற்கும் இன்னொருவர் எண்ணுவதற்கும் வேறுபாடு வருவதிலும் சிக்கல். டி செல்லிலும் எதிர்பாராதது கிடைத்தது. காவலை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அதிகம் இருந்தால் கெடுதல் என்றுதான் யாரும் நினைப்போம், பல புற்றுகளில் அப்படித்தான். ஆனால் 2005இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஹாட்ஜ்கின் ஆய்வில் அவை குறைவாகவும் கொல்லும் வகை டி செல்கள் அதிகமாகவும் இருந்தவர்களுக்கே விளைவு மோசமாக இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற வேறொரு வகையில் நடந்தது. 2004இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தலைமையிலான குழு 191 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தது. எத்தனை நாள் வாழ்வார்கள் என்பதைப் புற்றணுவைவிட அதனோடு கலந்திருந்த காவல் அணுக்களே நன்றாகச் சொல்லின. டி செல்லின் தடம் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள், மேக்ரோஃபேஜின் தடம் மேலோங்கியவர்கள் அப்படி இல்லை. பிறகு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து சிகிச்சையில் சேர்ந்தது. ரிட்டுக்ஸிமாப் புற்றணுவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய அணுவை விழுங்குவது மேக்ரோஃபேஜ். மருந்து சேர்ந்த நோயாளிகளில் மேக்ரோஃபேஜின் கெட்ட பெயர் மறைந்தது. ஓர் ஆய்வில் அது அதிகம் இருந்தவர்களே நன்றாக இருந்தார்கள். அணு அதே அணுதான், சிகிச்சை மாறியதும் அது சொல்லும் சேதி மாறிவிட்டது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வேண்டாம். சி.டி.68 பார்ப்பதற்காகக் கட்டியை வேறு லேபுக்கு அனுப்பிப் பணம் செலவழிக்காதீர்கள். வருகிற எண் எதுவானாலும் அதை வைத்து எந்த மருத்துவரும் தம்பியின் மருந்தை மாற்றப் போவதில்லை. ஹாட்ஜ்கின் தானா என்பதிலேயே சந்தேகம் இருந்தால் வேறொரு நிபுணரிடம் சிலைடுகளைக் காட்டலாம், அது வேறு விஷயம். உங்கள் அறிக்கையில் ஹாட்ஜ்கினை அடையாளம் காட்டும் சி.டி.30, சி.டி.15 இரண்டும் தெளிவாகப் பாசிட்டிவ், அதனால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. எல்.எம்.பி.1 பாசிட்டிவ் என்றிருப்பது எப்ஸ்டைன்–பார் வைரஸின் தடம். மேலை நாடுகளைவிட இந்தியாவில் ஹாட்ஜ்கின் கட்டிகளில் இது அதிகம் தெரியும், மிக்ஸ்டு செல்லுலாரிட்டி வகையில் இன்னும் அதிகம். வயதானவர்களில் அதற்குக் கொஞ்சம் பொருள் உண்டு, 27 வயதில் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இந்த ஆராய்ச்சியின் பலன் வேறு வழியில் நோயாளிக்கு வந்து சேர்ந்தது. பி.டி.-1ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனோடு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொத்தானை அழுத்த விடாமல் தடுக்கும் நிவோலுமாப் மருந்தை, மற்ற சிகிச்சைகள் எல்லாம் பார்த்தும் நோய் அடங்காத 23 ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2015இல் வெளியானது. 20 பேருக்குக் கட்டி சுருங்கியது. வாளாவிருந்த டி செல்கள் மறுபடி வேலை செய்தன. 2016இல் அமெரிக்கா ஹாட்ஜ்கினுக்கு அதை அனுமதித்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. தம்பிக்கு இப்போது அது தேவைப்படவில்லை. விலையும் அதிகம். ஆனாலும் முதல் சிகிச்சை கைகொடுக்காவிட்டால் அதோடு கதை முடிந்துவிடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இனி எதைப் பார்ப்பது? வரப்போகும் பெட் ஸ்கேனைப் பாருங்கள். 2007இல் இத்தாலியிலும் டென்மார்க்கிலும் 260 நோயாளிகளில் செய்த ஆய்வில், இரண்டு சுற்று ஏ.பி.வி.டி.க்குப் பிறகு எடுத்த பெட் நெகட்டிவாக (ஒளிரும் நோய் மிச்சமில்லாமல்) இருந்தவர்களில் 95 சதவீதம் பேர் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். பாசிட்டிவாக இருந்தவர்களில் 13 சதவீதம் பேர்தான். மேலே சொன்ன ஏழு அம்ச மதிப்பெண் இந்த ஸ்கேனுக்கு முன்னால் பலமிழந்து போனது. சிகிச்சைக்கு முன் ஆயிரம் எண்களை வைத்து ஊகிப்பதைவிட, மருந்து பட்டதும் இந்த மனிதரின் கட்டி என்ன செய்தது என்று நேரில் பார்ப்பது எவ்வளவோ மேல். அன்று பாசிட்டிவானவர்களுக்கும் பெரும்பாலும் அதே மருந்தைத்தான் தொடர்ந்தார்கள். இன்று அப்படி விடுவதில்லை. 2016இல் வெளியான ராத்தல் ஆய்வில் பெட் பாசிட்டிவானவர்களுக்குத் தீவிரமான கீமோவுக்கு மாற்றிக் கொடுத்தபோது மூன்று வருடத்தில் 67 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நோய் முற்றாமல் இருந்தார்கள். நெகட்டிவானவர்களுக்கு ஏ.பி.வி.டி.யில் உள்ள, நுரையீரலைப் பாதிக்கக்கூடிய பிளியோமைசினை மட்டும் நிறுத்தினாலும் விளைவு ஏறக்குறைய அதேதான் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஸ்கேன் நன்றாக வந்தால் பிளியோமைசினை நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். அதற்கு முன்பே வறட்டு இருமலோ, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் டோவில் மதிப்பெண் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். மிச்சமிருக்கும் கட்டி கல்லீரலைவிட அதிகமாக ஒளிர்கிறதா என்பதுதான் அதன் அடிப்படை. 1, 2, 3 வந்தால் நெகட்டிவ் என்று கொள்வோம். 4, 5 பாசிட்டிவ். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஃபில்கிராஸ்டிம் போட்ட தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு எலும்பு மஜ்ஜை முழுவதும், சிலருக்கு மண்ணீரலும், பெட்டில் பளிச்சென்று ஒளிரும். படிப்பவருக்குத் தேதி தெரியாவிட்டால் நோய் மஜ்ஜைக்குப் பரவிவிட்டதோ என்று குழம்ப இடமுண்டு. கடைசி ஊசி எந்தத் தேதி என்று கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஸ்கேனைச் சில நாள் தள்ளி வைக்கவும் செய்வார்கள்.

அம்மாவின் கஷாயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் அவர் கொடுக்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் சீந்திலை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் குடித்து ஈரல் வீங்கிய நோயாளிகளை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். தம்பி எடுக்கும் அட்ரியாமைசின், வின்பிளாஸ்டின் இரண்டையும் உடலிலிருந்து வெளியேற்றுவது ஈரல்தான். ஈரல் கெட்டால் கீமோ அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டிவரும், குணமாகக்கூடிய நோயில் அது பெரிய இழப்பு. அதோடு, லிம்ஃபோசைட் குறைவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று, அதை ஏற்றிவிட்டால் நோய் பின்வாங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அம்மா முட்டை, பருப்பு, மீன், நன்றாக வேக வைத்த காய்கறி என்று சமைத்துக் கொடுக்கட்டும். ஆல்புமின் 3.4இல் இருக்கும் பிள்ளைக்கு அதுதான் தேவை.

வீட்டில் உட்கார்ந்து நீங்கள் விகிதம் கணக்கிட வேண்டியதில்லை. நியூட்ரோஃபிலின் மொத்த எண்ணிக்கையை மட்டும் கவனித்தால் போதும். கீமோவுக்குப் பின் அது 500க்குக் கீழே போகும் நாட்களில் சாதாரணத் தொற்றுகூட உயிருக்கு ஆபத்தாகும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கித் தம்பியின் தலைமாட்டில் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது நள்ளிரவு இரண்டு மணியானாலும், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கீமோ நோயாளி என்று வாசலிலேயே சொல்லி, ரத்தம் எடுத்து, ஆண்டிபயாட்டிக் ஊசியைத் தாமதமில்லாமல் போடச் சொல்லுங்கள். போன முறை காய்ச்சலை நீங்கள் கவனித்து உடனே கொண்டுபோனதால்தான் மூன்று நாளில் சரியானது.

ஸ்கேன் அறிக்கை வந்ததும் எழுதுங்கள். டோவில் எண்ணையும், அன்றைய எடையையும் சேர்த்து எழுதுங்கள்.